அக்காவின் அறுபதுக்குக் கப்பல் பயணம்

பொகவந்தலாவ
2025 மார்ச் 16

அன்புள்ள ராணி,

இங்கே எல்லோரும் சுகம். உன் மாமியாருக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா? மழையில்லாமல் இங்கே கொழுந்து குறைந்துபோய்க் கிடக்கிறது. இவருக்குப் பென்சன் காசு வர ஆரம்பித்துவிட்டது. பெரிய டீச்சரை ஹட்டனில் கண்டேன், இன்னும் அதே குடை, அதே கேள்வி. நீ என்ன பதில் சொல்லியிருப்பாயோ அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து உன் கதையை அளக்கத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் கடுதாசி. அக்காவுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. நானும் அவளும் வெளிநாடு போகப் போகிறோம்.

வருகிற ஆவணியில் அவளுக்கு அறுபது நிறைகிறது. கட்டாரில் இருக்கிற பெரியவன், "அம்மாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போங்க சின்னம்மா, டிக்கட் செலவு என்னுடையது" என்றான். சின்னவன் பத்துமலை முருகனைக் காட்ட வேண்டும் என்று மலேசியாவில் நின்றான். நானும் ஆசைப்பட்டு எல்லாப் படத்தையும் போனில் எடுத்துக் காட்டினேன். அக்கா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சின்னப்பொண்ணுக்கும் இந்த ஆவணியிலதானே அறுபது" என்றாள். அதோடு சிங்கப்பூரும் போச்சு, மலேசியாவும் போச்சு.

சின்னப்பொண்ணை நீ படத்தில் பார்த்திருக்கிறாய். கலாசாலை விடுதியில் என் பெட்டி மூடியில் ஒட்டியிருந்தேனே, அதில் அக்காவின் தோளில் கை போட்டு நிற்பவள். எங்கள் அத்தை மகள். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிரா வீட்டில், ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டது 1964 ஒக்டோபரில், இவர்கள் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று டில்லியில் எழுதிய கணக்கு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது 1976இல். மாமா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார், அப்பா இங்கேயே இருக்கப் போட்டிருந்தார். ஒரு சுவர்தான் நடுவில். அத்தை குடும்பம் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அக்கா அவளை நேரில் கண்டதில்லை.

பாஸ்போட் எடுத்த கதையைக் கேள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாக்கியம், அடையாள அட்டையில் பாக்கியலெட்சுமி. அதைத் திருத்த அலைந்த அலைச்சல் தனி. அதற்கும் மேலே கைரேகை. பலகையில் விரலை வைக்கிறாள், இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறாள், எடுக்கவில்லை. அங்கே இருந்த பெண், "என்னம்மா, விரலில் ரேகையே இல்லையே" என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள். நான் அக்காவின் கையை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தேய்ந்து வழுவழு என்று இருக்கிறது. வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு, கொழுந்துக் கறை. அந்தக் கையால்தான் என்னைப் படிக்க வைத்தாள் ராணி. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே சண்டை பிடித்திருப்பேன், அக்காதான் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ராத்திரியும் தேசிக்காய்த் தோலைத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுத்தாள். அடுத்த தடவை போனபோது ஒரு தம்பி பொறுமையாக ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து எடுத்துக் கொடுத்தான். அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்.

இப்போது வழி. திருச்சிக்கு விமானத்தில் போனால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அக்காவுக்குக் கப்பல்தான் வேண்டுமாம், "அத்தை போன மாதிரி போகணும்" என்கிறாள். தலைமன்னார்க் கப்பல் 1984இலேயே நின்றுபோனது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகிற கப்பல்தான் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்று, போன வருஷம் ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் நன்றாக இருந்தால் நாலு மணித்தியாலம்.

ஹட்டனில் கோச்சி ஏறிப் பொல்காவலையில் மாறினால் உன் வவுனியாவுக்கு வந்துவிடலாம். மதவாச்சி வரைக்கும் அத்தை போன அதே தண்டவாளம், பார்த்தாயா. அங்கேதான் அவர்கள் கோச்சி மன்னார்ப் பக்கம் திரும்பியது. நாங்கள் நேரே உன்னிடம் வருகிறோம்.

அக்கரையில் தஞ்சாவூர், திருச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம். அங்கே காலை 7.10க்கு மலைக் கோச்சி. அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை! நம்ம கோச்சி வளைந்து வளைந்தே நானுஓயா ஏறிவிடும். அங்கே சரிவு அதிகம் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்பு போட்டிருக்கிறார்கள், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். 1899இல் குன்னூர் வரைக்கும் போட்டது. குன்னூரில் இறங்கிக் கோத்தகிரிக்குப் பஸ். வாடகைக் காரில் மலை ஏறினால் ஈ-பாஸ் என்ற இணைய அனுமதி எடுக்க வேண்டும், போன வருஷம் மே மாதத்திலிருந்து அப்படி. கோச்சியிலும் பஸ்ஸிலும் அந்தத் தொல்லை இல்லை. சின்னப்பொண்ணு கேட்டிருப்பது மாசிக் கருவாடும், லயத்து வாசலில் எடுத்த படமும்.

ஆனால் ராணி, ஒரு விஷயம் மனதைப் போட்டு அரிக்கிறது. இப்போது வீடியோவில் இரண்டு பேரும் பேசுகிறார்கள். பேசுகிறார்கள் என்றா சொல்வது? "சாப்பிட்டியா", "மழையா" என்று கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தால் எழும்பிப் போய்விடுகிறேன். இவர், "பழைய புண்ணைக் கிண்டாதே, போய்விட்டுத் திரும்பும்போது அக்கா தாங்குவாளா?" என்கிறார். அதுதான் என் பயமும். அன்றைக்கு அவர்களைப் பிரித்தது பெரியவர்களும் அரசாங்கங்களும். பிள்ளைகள் அழுதுகொண்டு போனார்கள், வேறு வழி இல்லை. இந்த முறை அக்கா தானே பையைத் தூக்கிக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டு வாசலை விட்டு இறங்கி நடக்க வேண்டும். அத்தை செத்ததற்கு அவளால் போக முடியவில்லை. அப்பா செத்ததற்கு அவர்களால் வர முடியவில்லை. அதையெல்லாம் ஒரே கிழமையில் அழுது தீர்க்க முடியுமா?

அதற்காகப் போகாமல் இருக்கலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். முடியாது. சின்னப்பொண்ணுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, அக்காவுக்குப் பிரஷர். எழுபதுக்குப் போகலாம் என்று தள்ளிப் போட இவர்களுக்கு உடம்பு இடம் கொடுக்காது. அழுதால் அழட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். சின்னப்பொண்ணை அடுத்த வருஷம் இங்கே கூப்பிட்டுவிடலாம் என்று அக்காவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டதும் அவள் காம்பிராவுக்குப் பெயின்ட் அடிக்கக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்!

இனி உன் வேலை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற உன் கொழுந்தனிடம் சொல்லி, ஆவணியில் எந்தெந்த நாள் கப்பல், முன்கூட்டி எப்போது பதிய வேண்டும், எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம் என்று கேட்டு எழுது. நீயும் வருவாயானால் எனக்குப் பாதிப் பயம் போய்விடும். அத்தானைச் சமாளிப்பது உன் பாடு, கலாசாலை வார்டனையே சமாளித்தவள் நீ. வராவிட்டாலும் போகும்போதும் வரும்போதும் உன் வீட்டில்தான் தங்குவோம். அக்காவுக்குப் படி ஏற முடியாது, கீழ் அறையை ஒழித்து வை.

அன்புடன்,
தேவி