அம்புக்குறி காட்டும் பக்கம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மின் வட்ட ரம்பத்தின் பிளேடைப் பிடித்திருக்கும், கழல மறுக்கும் அந்த போல்ட்டின் மூலைகள் மழுங்க ஆரம்பித்துவிட்டன. இனி ஒரு சுற்றுகூட முறுக்காதே. இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கை வை.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்பேனரோடு மல்லுக்கட்டும்போது விரல் எங்கே போய் அழுத்தும் என்று சொல்ல முடியாது. பிடுங்கிய பிளக் உன் கண்ணெதிரே கிடக்கட்டும். கைக்குத் தோல் உறை போட்டுக்கொள். நின்றுபோன பிளேடின் பல்லும் சதையைக் கிழிக்கும்.

இத்தனை நேரமும் நீ அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படத்தில் பிளேடு மெஷினின் இடதுபக்கம் இருக்கிறது. அந்த மாதிரி ரம்பங்களில் பெரும்பாலும் இடது மரைதான், அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கமான போல்ட்டைப் போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பிளேடு வலதுபக்கம் இருக்கும் மெஷினில் சாதாரண மரை. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பிளேடு மூடியின் மேல் சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அது காட்டுகிற பக்கமே போல்ட்டைத் திருப்பினால் கழலும். கையேடு இருந்தால் அதிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் மறக்காது. பிளேடு ஓடும்போது மரம் அதை எதிர்த்துப் பிடிக்கிறது. பிளேடைச் சுழற்றும் தண்டு முன்னே போகப் பார்க்க, பிளேடு பின்தங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு வாசர் வழியாக போல்ட்டுக்கும் போகும். ஓட ஓட அது தானாகவே இறுக வேண்டும் என்றுதான் மரையை அப்படி வெட்டியிருக்கிறார்கள். உன் ரம்பம் ஈரமரத்தில் சிக்கி நின்றது என்றாயே, அந்த ஒரு அதிர்ச்சியே போல்ட்டை நன்றாகக் கவ்வ வைத்திருக்கும். அதன் மேல் துருவும் ஏறியிருக்கிறது.

இப்போது எண்ணெய். மெஷினைப் படுக்க வைத்து, போல்ட் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்து. போல்ட் தலையும் வாசரும் சேரும் விளிம்பில் துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க ஊற விடு. டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருந்தால் அதுவும் ஆகும். ஆனால் அது 1953இல் ஈரத்தையும் துருவையும் அண்டவிடாமல் காப்பதற்காக உருவானது. இறுகிய மரைக்குள் இறங்குவதற்கென்றே விற்கிற எண்ணெய் இன்னும் நல்லது. மோட்டார் காற்றுத் துளைக்குள் போகாமல் துடைத்துவிடு. நெருப்புக் காட்டவே கூடாது. பின்னால் பேரிங் கிரீஸ், பிளாஸ்டிக், உள்ளே அடைந்த மரத்தூள், இப்போது எண்ணெய் வேறு.

காலையில் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைத் தொடாதே, மூலையைத் தின்றது அதுதான். சரியான அளவில் ஆறுமூலை பாக்ஸ் ஸ்பேனர் எடுத்து, தலையில் முழுசாக உட்காருகிறதா என்று பார். சிறு சுத்தியலால் அதன் மேல் இரண்டு மூன்று மெல்லிய தட்டு. பலமாக வேண்டாம், பின்னால் பேரிங் இருக்கிறது.

தண்டைப் பூட்டும் அந்தச் சின்னப் பட்டனை மட்டும் நம்பிப் பலம் கொடுக்காதே. உள்ளே இருப்பது ஒரு மெல்லிய ஊசி. சுத்தியல் அடி அதில் இறங்கினால் உடையும். அதற்குப் பதிலாக ஒரு தடித்த கட்டையை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, கீழ் மூடியை விலக்கி, பிளேடின் பல்லை அதில் அழுத்திப் பிடி. அம்புத் திசையில் திருப்பும்போது பற்கள் மரத்துக்குள் கடித்து நிற்கும். ஸ்பேனர் நழுவினாலும் உன் கை பிளேடை நோக்கிப் போகாத பக்கமாக நின்றுகொள். குழாய் சொருகி நீளக் கைப்பிடியால் இழுக்காமல், ஸ்பேனர் நுனியில் சுருக்கென்று சுத்தியலால் ஒரு அடி கொடு. விடாப்பிடியான இழுப்பைவிட அந்தச் சிறு அதிர்ச்சிக்குத்தான் துரு விட்டுக்கொடுக்கும்.

அப்படியும் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். தலை முழுசாக மழுங்கிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதை நீ தனியாகச் செய்ய வேண்டாம், கண்ணு.

கழன்று வந்ததும் அந்த போல்ட்டைத் திரும்பப் போடாதே. புதுசு வாங்கப் போகும்போது பழசைக் கையோடு கொண்டு போய், மரையை மரையோடு வைத்துப் பார்த்து வாங்கு. நீளமும் தடிமனும் ஒத்துப்போனாலும், இடது மரையா என்று கேட்காமல் வாங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா