சீனக் காய்ச்சல் மாத்திரையும் பிரஷர்காரர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். மாமனார் காலத்துக் கடை. மழை பிடித்துவிட்டால் சளி, காய்ச்சல் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆடாதோடை, திப்பிலி, கபசுரக் குடிநீர்ச் சூரணம் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இப்போது சிலர் மாத்திரை அட்டை ஒன்றை நீட்டி, "இதே மாதிரி கிடைக்குமாக்கா?" என்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த சீன மூலிகைக் காப்ஸ்யூல். அட்டை முழுக்கச் சீன எழுத்து.

போன வாரம் மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். அம்மாவுக்கு 74 வயது, பல வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். காய்ச்சலுக்கு இந்தக் காப்ஸ்யூலை மூன்று வேளையும் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் விட்டது. ஆனால் ராத்திரித் தூக்கம் போய், நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். அதற்கு ஒரு சூரணம் கேட்டு வந்திருந்தார். "மூலிகைதானேக்கா, அது என்ன செய்யப் போகுது?" என்றார். நான் எதுவும் கொடுக்கவில்லை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் கொடுத்தது என்ன மருந்து என்று அட்டையைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சீனர்களின் காய்ச்சல் மருந்துகள் பலவற்றில் மா ஹுவாங் என்ற செடியின் தண்டு சேருகிறது. அதில் எபிட்ரின் இருக்கிறது. அது மூச்சுக்குழாயை விரித்து இளைப்பைத் தணிக்கும். அதே வேகத்தில் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எபிட்ரின் வகைச் சத்து கலந்த சத்துமாத்திரைகளை அமெரிக்கா 2004-லேயே தடை செய்துவிட்டது. கொரோனா காலத்தில் பெயர் பெற்ற லியான்ஹுவா சிங்வென் காப்ஸ்யூலில் 13 சரக்குகள். மா ஹுவாங்கும் அதிமதுரமும் அதில் உண்டு. அதிமதுரம் நம்ம சரக்கும்தான். இருமலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு, நாள் கணக்கில் நிறையச் சாப்பிடுவது வேறு. அளவு மீறினால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, பிரஷர் ஏறும். பிரஷர் இருக்கிறதா என்று கேட்காமல் நான் அதிமதுரம் நிறுப்பதில்லை.

சீன மருந்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது சீனாவில் 11 ஆஸ்பத்திரிகளில் 410 பேரை வைத்து, 12 சரக்குக் கசாயம் ஒன்றைச் சோதித்தார்கள். மருந்து எதுவும் கொடுக்காதவர்களுக்குக் காய்ச்சல் விட 26 மணி நேரம் ஆனது. ஃப்ளூ காய்ச்சலுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் டாமிஃப்ளூ என்ற இங்கிலீஷ் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு 20 மணி. கசாயம் குடித்தவர்களுக்கு 16 மணி. 2011-ல் அமெரிக்க மருத்துவ இதழிலேயே இது வெளியானது. மூலிகை வியாபாரம் செய்கிற எனக்கு இதைப் படித்ததில் எவ்வளவு சந்தோஷம்! ஆனால் அந்தக் கசாயத்திலும் மா ஹுவாங் இருந்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் 15 முதல் 69 வயது வரை உள்ளவர்கள், அதுவும் சிக்கலில்லாத காய்ச்சல்காரர்கள். மேலூர் அம்மாவுக்கு 74. காய்ச்சலை இறக்கும் என்பதற்காக அவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு கூத்தும் நடக்கிறது. டாமிஃப்ளூவை அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காய்ச்சலுக்குக் கொதிக்கவைத்துக் குடிக்க அதைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று கேட்கிறார்கள். அன்னாசிப்பூவில் உள்ள ஷிகிமிக் அமிலத்தை எடுத்து, தொழிற்சாலையில் பல கட்ட ரசாயன மாற்றம் செய்த பிறகுதான் அது டாமிஃப்ளூ ஆகிறது. கொதிக்கிற தண்ணீரில் அந்த வேலை நடக்காது. பிரியாணிக்கு என்றால் தாராளமாக வாங்கிப் போகட்டும்.

நான் விற்கும் கபசுரக் குடிநீர்ப் பொட்டலத்தின் பின்னால் சுக்கு, திப்பிலி, அக்கரகாரம், கடுக்காய்த்தோல், நிலவேம்பு என்று 15 சரக்கும் தமிழில் அச்சாகியிருக்கிறது. எது தனக்கு ஆகாது என்று படித்துப் பார்க்கலாம், டாக்டரிடம் காட்டலாம். பெட்டியில்லாமல் வெறும் அட்டையாக வரும் காப்ஸ்யூலில் அதற்கு வழியில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் பெட்டியோடு, உள்ளே இருக்கும் தாளோடு கொண்டுவர வேண்டும். பிரஷர், இதயக் கோளாறு உள்ள அப்பா அம்மாவுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மாவட்ட சுகாதாரத் துறையும் அரசு ஆஸ்பத்திரிகளின் சித்த மருத்துவப் பிரிவும் சேர்ந்து, மா ஹுவாங் கலந்த மருந்துகளைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு பக்கத்துக்கு அறிவிப்பு அச்சடித்துத் தர வேண்டும். பெருங்குடி விமான நிலையத்தில் ஒட்டட்டும். எங்களைப் போன்ற கடைகளுக்கும் கொடுக்கட்டும். பொட்டலம் கட்டும்போதே ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடை நடத்தும் வாசகி,
மதுரை.