தரைக்கடியில வெந்நீர்

மாப்ள,

பதிலே போடலன்னு திட்டிட்டிருப்ப, திட்டிக்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியம். சட்டின்னு கூப்பிடுவோம்ல, அவன் மறுபடி சீட்டுப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கான், காசு கேட்டு வருவான், மாட்டிக்காத.

என் மூத்த பையன் ஜெர்மனில பழைய வீடு ஒண்ணு வாங்கினான்ல, அதுல கீழ்த்தரை பூராத்தையும் பேத்துட்டு அடியில வெந்நீர் பைப் போடப் போறானாம். சிரிச்சுட்டேன்டா. நம்ம ஐயாமாரு சித்திரையில வெறும் உடம்போட படுத்தா ஜில்லுன்னு இருக்கணும்னு முற்றம் வச்ச வளவு வீடு கட்டினாங்க, இவன் தரையைச் சூடாக்கக் காசு கட்டுறான். "அப்பச்சி, ஜனவரில வந்து இங்க வெறுங்கால்ல நின்னுட்டு அப்புறம் சிரிங்க"ன்னான்.

வீடியோ அனுப்பினான். கீழ தெர்மோகோல் அட்டை, அது மேல தேன்குழல் பிழிஞ்ச மாதிரி சுத்திச் சுத்தி 16 மில்லி பிளாஸ்டிக் பைப், தரைக்குள்ள ஒரு இடத்துலயும் ஜாயிண்ட் கிடையாதாம், அது கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. பிரஷர் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் மேல சிமெண்ட் கலவை போடுவாங்களாம். தண்ணி 35, 40 டிகிரி இருந்தா போதும், அதனால வெளியில இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணியைக் காய்ச்சுற ஹீட் பம்பு மெஷினுக்கு கரண்டு கம்மியா இழுக்கும்ங்கிறான். பம்புக்கு அரசாங்க மானியமே 30 சதவீதத்துல ஆரம்பிக்குதாம்.

செலவைக் கேளு. 60 சதுர மீட்டர், மீட்டருக்கு 75 யூரோ, ஆக 4500. நம்ம காசுக்கு நாலரை லட்சம்! அதுல பைப்பு விலை சொற்பம், பழைய தரையை ஒடைச்சு அள்ளுற கூலி வேற தனி, அது இதைவிட ஜாஸ்தி வரும் போல. இங்க ஓடு ஒழுகுதுன்னு பங்காளிகள்ட்ட ஆளுக்கு இருபதாயிரம் கேட்டா போனையே எடுக்க மாட்டேங்கிறாங்க.

மருமகளுக்கு ஹால்ல நம்ம செட்டிநாட்டுப் பூப்போட்ட சிமெண்ட் கல்லு, ஆத்தங்குடி கல்லுதான் வேணுமாம். நேரா ஆத்தங்குடிக்கே போய் சூடு தாங்குமான்னு கேட்டேன். கல்லு வார்க்க கண்ணாடி மேல பச்சைக் கலரை ஊத்திக்கிட்டிருந்தவரு தலையைக்கூட நிமித்தல, "எவ்வளவு சூடுங்க?" "தரை 29 டிகிரி தாண்டாதுங்கிறான்." "பங்குனி வெயில்ல முற்றத்துல கால் வச்சுப் பாத்திருக்கீங்களா?"ன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்க. ஆனா எடை? சதுர மீட்டருக்கு நாப்பது கிலோவுக்கு மேல நிக்கும், கப்பல் கூலி யாரு கட்டுறது, நான்தான்.

கட்டிட்டுப் போறேன், அது இல்ல விஷயம். தரைக்கு இவ்வளவு கொட்டுறவன் இனிமே இங்க எங்கடா வந்து இருக்கப் போறான்? ஆச்சிகிட்ட இதைச் சொல்லல, உங்கிட்டதான் சொல்றேன்.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். கலவை போட்டு மூணு வாரம் ஆறப் போட்டு, அப்புறம் தண்ணியை மொதல்ல 25 டிகிரிக்குள்ள விட்டு, மெதுவா ஏத்தி இறக்கிட்டுத்தான் கல்லு பதிக்கணுமாம். இவன் கிறிஸ்துமஸுக்குள்ள குடி போகணும்னு குதிக்கிறான். ஈரத்தோட பதிச்சா வெடிக்கும்னு நான் சொன்னா கேக்க மாட்டான், காலம் பூரா காங்கிரீட்ல கெடந்தவன் நீ சொன்னா கேப்பான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கூப்பிடு, அதுக்கு முன்னாடி அங்க எவனும் எந்திரிக்க மாட்டான். நான் சொல்லித்தான் கூப்பிட்டேன்னு மட்டும் உளறிராத.