தம்பியின் நெஞ்சுக்குள் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தாருங்கள்

சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும் இதய நோய் வைத்திய நிபுணர்களுக்கும், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வணக்கம்.

என் தம்பிக்கு 31 வயது. பிறக்கும்போதே இதயத்தில் குறை. அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். மூன்று வயதில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள், ஒரு சதம்கூட வாங்காமல். அந்த டொக்டர்மாரை நினைத்து அம்மா இன்றைக்கும் விளக்கேற்றுகிறார்.

தம்பி வளர்ந்தான், கிரிக்கெட் ஆடினான், ஹட்டனில் கடையொன்றில் வேலைக்கும் போனான். சுகமாகிவிட்டது என்றே இருந்தோம். பிள்ளைகள் கிளினிக்கை விட்ட பிறகு எங்கே காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது இரண்டு வருடமாக, றோட்டிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் படியில் மூன்று இடத்தில் உட்காருகிறான். பின்னேரமானால் கால் வீங்கி, சப்பாத்து ஏறாது.

பெரிய வைத்தியசாலையில் முதலில் கேட்டது, "சின்ன வயதில் என்ன ஒப்பரேஷன்?" என்றுதான். அம்மா பால்மா டின்னைத் திறந்து, அன்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். லயத்து ஈரத்தில் மை ஊறிப்போய், திகதியும் பாதிக் கையெழுத்தும்தான் மிச்சம். ஒப்பரேஷன் செய்த இடத்தில் பழைய ஃபைலும் இல்லை.

இதயம் மருந்துக்கு அடங்காமல் தளர்ந்துபோனால் மிஞ்சுவது மாற்று இதயம்தான். அப்போதுதான் அந்தத் துண்டின் அருமை தெரியும். ஒருமுறை திறந்த நெஞ்சில் தழும்பு வளர்ந்து, இதயம் நெஞ்செலும்போடு ஒட்டிக் கிடக்கலாம். மறுபடி திறக்கையில் இரத்தம் கொட்டும். அன்று ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் பிறபொருளெதிரிகள், அதாவது வேறொருவரின் உறுப்பை எதிர்த்துத் தாக்கும் பொருட்கள், உண்டாகியிருந்தால், பொருந்துகிற இதயம் கிடைப்பதே கஷ்டம். எந்தக் குழாயை எங்கே வெட்டி எங்கே தைத்தார்கள் என்று தெரியாமல் புதிய இதயத்தை எப்படிப் பொருத்துவது? காலம் கடந்து நுரையீரலில் இரத்த அழுத்தம் கூடிவிட்டால் அந்தப் புது இதயமும் தாங்காது. பிறவிக் குறையோடு வளர்ந்தவர்களுக்கு மாற்றுச் சிகிச்சையின் ஆரம்ப மாதங்களில் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனால் முதல் வருடத்தைத் தாண்டிவிட்டால் மற்றவர்களைவிட நீண்டகாலம் இருக்கிறார்கள். இதை வாசித்த இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இலங்கையின் முதல் இதய மாற்று, 2017 ஜூலையில் கண்டியில்தான் நடந்தது. அதே வருடம் மே மாதம் டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புது வைத்தியசாலை திறந்தார்கள். இரண்டும் எங்கள் மலையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு பாதை போட்டுத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். சின்ன வயதில் இதய ஒப்பரேஷன் செய்துகொண்ட பெரியவர்களுக்கென்று டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ மாதம் ஒரு கிளினிக் வையுங்கள். தூரத்துக் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. படுக்கையில் விழுந்த பிறகு அல்ல, நடக்க முடிகிறபோதே மாற்று இதயக் குழுவிடம் அனுப்பிவையுங்கள்.

அப்புறம், இன்றைக்கு ஒப்பரேஷன் செய்கிற ஒவ்வொரு பிள்ளையின் தாய் கையிலும், என்ன செய்தோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். டொக்டர்மாருக்கு ஆங்கிலத்தில், தாய்க்குத் தமிழிலோ சிங்களத்திலோ. அதன் பிரதி ஒன்று உங்களிடம் அழியாமல் இருக்கட்டும்.

தம்பிக்கு அடுத்த வாரம் கிளினிக். விடிய நாலு மணி பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். அம்மா அந்தத் துண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா