பல்லவமல்லன் பொம்மை அரசன் அல்லன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் கட்டுரையில் ஒரு வரி மனத்தை அறுக்கிறது. பல்லவமல்லன் எனப்பட்ட பல்லவ அரசன் இரண்டாம் நந்திவர்மன் பன்னிரண்டு வயதில் அரியணை ஏறிய பொம்மை அரசனாம்; சிறுவன் கையில் நாடு இருந்ததால்தான் காஞ்சி சாளுக்கியரிடம் வீழ்ந்ததாம்.

கட்டுரையாளர் ஒரு கூட்டல் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். பல்லவமல்லன் முடிசூடியது ஏறத்தாழ 731. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்ததை 740 வாக்கில் வைப்பதே பெருவழக்கு. அப்போது பல்லவமல்லனுக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும். தோற்றான் என்பது மெய்தான். கயிலாசநாதர் கோயிலில் உள்ள கன்னடக் கல்வெட்டே அதற்குச் சாட்சி. ஆனால் சிறுவனாக இருந்ததால் தோற்றான் என்பதற்கு எந்தச் செப்பேட்டில் இடம் இருக்கிறது?

இதில் மனத்தைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. கட்டுரை அதைத் தொடவேயில்லை. முடிசூட்டின்போது அந்தச் சிறுவனுக்கு வழங்கிய அரச சின்னங்களில் சமுத்திரகோஷம் என்ற இசைக்கருவியும் கட்வாங்கம் என்ற தண்டம் பொறித்த கொடியும் இருந்ததாக வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. விக்கிரமாதித்தன் கைப்பற்றிப் போனவற்றின் பட்டியலைச் சாளுக்கியரின் கேந்தூர்ச் செப்பேட்டில் பாருங்கள். அதே கொடி, அதே சமுத்திரகோஷம். அவற்றை இழந்த பிறகும் காஞ்சியை மீட்டு, 65ஆம் ஆட்சியாண்டு வரை ஆண்டவனையா பொம்மை என்பது?

அவன் அரசனானது எப்படி என்பதிலும் உங்கள் இதழ் முன்பே இருமுறை தவறியிருக்கிறது. ஒருமுறை மக்கள் வாக்களித்தார்கள் என்று எழுதினீர்கள். இன்னொரு முறை அவன் கம்போடியாவிலிருந்து கப்பலில் வந்தான் என்று எழுதினீர்கள். முந்தைய அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், கடிகை என்ற கல்விக்கழகத்தாரும் மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட நாட்டு முதன்மையோரும் இரணியவர்மனிடம் போனார்கள். பழைய பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவன் அவன். குடிகள் தேர்ந்தார்கள் என்று காசக்குடிச் செப்பேடு சொல்வது உண்மைதான். ஆனால் தேர்ந்தது பல்லவக் குருதிக்குள்ளேதான். இரணியவர்மனின் மகன்கள் சீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுத்தார்கள். கடைசி மகன் பல்லவமல்லன், நான் போகிறேன் என்று தொழுது நின்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அனுப்பத் தந்தை தயங்க, தரண்டிகொண்ட போசர் என்பவர் தேற்றினார். மலை, ஆறு, காடு பல கடந்து வந்த சிறுவனைப் பல்லவடி அரையர் என்பவர் படையோடு எதிர்கொண்டார். கல்வெட்டில் உள்ளது இவ்வளவுதான். எந்த நாட்டிலிருந்து வந்தான் என்று அதில் பெயர் இல்லை. இல்லாத இடத்தில் கம்போடியாவை நட்டு வைப்பது நியாயமா?

கட்டுரை அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்று சொல்வதற்குக் காரணம் தெரிகிறது. உதயேந்திரச் செப்பேடு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதை மட்டும் படித்தால் போதாது. காசக்குடிச் செப்பேட்டையும் கோயில் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அந்த உதயேந்திரச் செப்பேட்டிலேயே இன்னொன்றும் இருக்கிறது. நந்திபுரத்தில் முற்றுகையில் சிக்கிய அரசனைத் தளபதி உதயசந்திரன் மீட்டு, போட்டி இளவரசன் சித்திரமாயனை வாளால் வெட்டினான். இப்படிப்பட்ட தளபதியைத் தன் பக்கம் வைத்திருந்ததும் ஆளும் திறம்தான் என்பேன்.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிங்கத்தூண் சுற்று மண்டபத்தின் சுவரில் சிற்பங்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. வலமாகச் சுற்றினால்தான் கதை தொடரும். சில சிற்பங்களுக்குக் கீழேதான் எழுத்து இருக்கிறது. மணற்கல் பொரிந்து உதிர்வதால் பல இடங்களில் சுதை பூசியிருக்கிறார்கள். பூச்சு முகத்தைப் பார்த்து "சிறுவன் நந்திவர்மன்" என்று பெயரிடக் கூடாது. கீழே உள்ள எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பெயரிட வேண்டும். சாய்ந்த வெயிலில் போனால் எழுத்து ஓரளவு புலப்படும். போன ஆண்டு கயிலாசநாதர் கோயில் படத்தை இக்கோயில் என்று அச்சிட்டீர்கள். நந்திக் கலம்பகத்தின் நாயகனும் இவனே என்றீர்கள். அந்த நாயகன், தெள்ளாறெறிந்த மூன்றாம் நந்திவர்மன், இவனுடைய பேரன். திருமங்கையாழ்வார் "பல்லவர் கோன் பணிந்த பரமேச்சுர விண்ணகரம்" என்று பாடிய இந்த வைகுண்டப் பெருமாள் தலத்துக்கு உங்கள் இதழில் இத்தனை பிழைகள் நேர்வதைப் பொறுக்க முடியவில்லை. தங்களுக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்தும் அச்சேறியது என்பதுதான் வருத்தம்.

அடுத்த இதழில் மூன்று வரியில் ஒரு திருத்தம் போடுங்கள்: பொம்மை அரசன் என்ற சொல்லை நீக்குகிறோம், தந்தை இரணியவர்மன், படக்குறிப்பு தவறு. அது போதும்.

பணிவுடன்,
வாசகர் ஒருவர்,
காஞ்சிபுரம்