சாணி ஏறிய துணியோடு எழுந்து போன தம்பிக்கு

தம்பி,

இந்த ஐப்பசி சுவாதிக்கும் நீ வரவில்லை. சைவ சித்தாந்தத்துக்குச் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் குருபூசையில் பந்தி பரிமாற ஆளில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. அதுவும் ஒரு காரணம்தான்.

ஏன் போனாய் என்பது நம் இருவருக்கும் தெரியும். வீட்டில் நடந்தது இங்கே வேண்டாம்; உன் சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள். வகுப்பில் நீ கேட்ட கேள்வி மட்டும் போதும். சிவஞானபோதத்தை விரித்துப் பாடிய சிவஞான சித்தியாரின் இரண்டாம் சூத்திரம். அழுக்குத் துணியில் சாணியும் உவர்மண்ணும் ஏற்றி வெளுப்பதுபோல, இறைவன், உடம்புக்கும் உலகுக்கும் மூலமான மாயையைக் கொண்டு, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவத்தைக் கழுவுகிறான் என்ற இடம். "ஏற்கெனவே அழுக்கு. அதுமேல சாணியைப் பூசுறதுக்குப் பேரு கருணையா?" என்றாய். சிலர் சிரித்தார்கள். நான் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் அந்தக் குரலில் கேட்டவன் காதில் அன்று எந்தப் பதிலும் ஏறியிருக்காது.

இப்போது கேள். முதல் அழுக்கு இறைவன் வைத்ததல்ல. ஆணவம் அநாதியாகவே உயிரோடு இருப்பது. உடம்பில்லாத கேவல நிலையில் உயிருக்குத் தான் இருப்பதே தெரியாது. அந்த இருட்டிலிருந்து எடுக்கத்தான் தனு, கரணம், புவனம், போகம் நான்கும்: உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், நுகர்பொருள். இவற்றால் அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஒடுங்கிய உலகம் மறுபடி தோன்றுவது உயிர்களின் மலம், அதாவது அந்த அழுக்கு, இன்னும் கழியாததால். சிவஞானபோதத்தின் 12 சூத்திரம், 40 அடிக்குள் எல்லாவற்றையும் அடக்கிய மெய்கண்டார் இதை முதல் சூத்திரத்திலேயே வைத்துவிட்டார். உலகை ஒடுக்கும் சங்காரம்கூடப் பிறந்து பிறந்து களைத்த உயிரை இளைப்பாற்றத்தான் என்கிறது சித்தியார். நீ இரவெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு விடியற்காலையில் செய்தி அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும். தூங்குகிறாயா?

வெளுப்புக்கு ஒரு வரிசை உண்டு. உவர்மண்ணின் காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். வெள்ளாவியின் சூடு நூலுக்குள் புகுந்து அழுக்கை இளக்கும். அப்புறம் கல், அப்புறம் தண்ணீர். சாணி ஏறிய நேரத்தில் பார்த்தால் துணி முன்னைவிட மோசமாகத்தான் தெரியும். நீ எழுந்து போனது அந்த நேரத்தில். கடைசியில் காரத்தையும் அலசி எடுத்தாக வேண்டும். தங்கிவிட்டால் அதுவே நூலை அரிக்கும். மாயையும் அப்படி நீங்க வேண்டியதுதான், ஆனால் வேலை முடிந்த பிறகு.

இப்போது போகிற இடத்தில், உன் வாழ்க்கையை நீயே செதுக்கு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்களாம். துணி தன்னைத்தானே வெளுத்துக்கொள்ளுமா? கன்மக் கணக்கு உனக்குத் தெரியாததா? இந்தப் பிறவிக்கென வந்த வினையான பிராரத்தம் நுகர்ந்தால் தீரும். நுகரும்போது "நான் சம்பாதித்தேன், நான் இழந்தேன்" என்று ஒட்டிக்கொள்கிறோமே, அங்கேதான் புதுவினையான ஆகாமியம் முளைக்கிறது. அது சேர்ந்து கிடக்கும் வினையான சஞ்சிதத்தில் போய்ச் சேரும், அதற்கு இன்னொரு உடம்பு வேண்டும். நீ படுகிற பாட்டில் பழைய கடன் அடைகிற வேகத்தில் புதுக் கடன் ஏறுகிறது.

சும்மா கிட என்று சொல்லவில்லை. நான் அப்படிச் சொன்னதாக நீ உன் மாமாவிடம் திரித்தது என் காதுக்கும் வந்தது. பத்தாம் சூத்திரம் இறைபணியில் நிற்கத்தான் சொல்கிறது. கடையைத் திற, வட்டியைக் கட்டு, ஆட்களுக்கு நாள் தவறாமல் கூலி கொடு. 'என்னால்' என்பதை மட்டும் விடு. இருவினையொப்பு என்றால் லாபமும் நட்டமும் ஒரே தொகையாவது அல்ல. எது வந்தாலும் மனம் ஒரு பக்கம் சாயாமல் நிற்பது. அதோடு மலம் பக்குவப்படும், இறைவன் அருள் உயிரில் பதியும் சத்திநிபாதம் நிகழும். சத்திநிபாதத்தை உழைத்து இறக்க முடியாது. உன்னால் பொறுக்க முடியாதது இதுதான், தெரியும்.

எட்டாம் சூத்திரம் தொடங்கப்போகிறோம். வேடரிடம் வளர்ந்த அரசகுமாரனுக்கு அவன் யாரென்று உணர்த்துகிற இடம். வா. வரப் பிடிக்காவிட்டால் என் சித்தியார் பிரதியையாவது யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் என்னிடம் வேறெங்கும் இல்லை.