அந்த ரப்பர் மூக்கைக் கழற்றுங்கள்: மேக்பெத்தை மேடையேற்றும் இயக்குநர்களுக்கு

இயக்குநர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் ஒன்று பார்த்தேன். யார் போட்டது என்பது வேண்டாம். இடி, புகை, மூன்று சூனியக்காரிகள். கூம்புத் தொப்பி, பச்சை முகம், வளைந்த ரப்பர் மூக்கு. கொப்பரையைக் கிளறும்போது ஒருத்தியின் மூக்கு பிய்ந்து தொங்கியது. அரங்கமே சிரித்தது. எனக்கு வரவில்லை, மூக்கு ஒட்டியிருந்தபோதே நாடகம் கெட்டுவிட்டது.

மேக்பெத்தில் முகத்தைப் பார்த்து யாரையும் எடைபோட முடியாது. டங்கன் மன்னன் இதை வாய்விட்டே சொல்கிறான். துரோகம் செய்து உயிரை விட்ட காடர் பிரபுவை நினைத்து, "முகத்தில் மனசைக் கண்டுபிடிக்க வித்தை கிடையாது, அவனை முழுசாக நம்பினேனே" என்கிறான். சொல்லி வாய் மூடுவதற்குள் அவனுடைய தளபதி மேக்பெத் வருகிறான். மன்னன் அவனை உத்தமனே என்று வரவேற்கிறான்! அப்புறம் மேக்பெத்தின் கோட்டை வாசலில் நின்று காற்றின் இதத்தை மெச்சுகிறான் மன்னன். குருவி கூடு கட்டியிருக்கிறது என்கிறான் இன்னொரு தளபதி பாங்கோ. அன்றிரவே மேக்பெத் கையால் மன்னன் கொலை.

சூனியக்காரிகளோ மேக்பெத்திடம் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. காடர் பட்டம் உனக்கு என்கிறார்களே, மன்னன் அதை முந்தின காட்சியிலேயே கொடுத்தாகிவிட்டது. பொய்யெல்லாம் லட்சணமான முகங்களிடம்தான். பூவாகத் தெரி, அடியில் பாம்பாக இரு என்று புருஷன் மேக்பெத்துக்குச் சொல்லித்தருபவள் விருந்து வைக்கும் வீட்டுக்காரி.

பாங்கோவே சூனியக்காரிகளுக்குத் தாடி, வற்றிய உதடு என்கிறானே என்பீர்கள். சரி. ஆனால் அவன் பேச்சில் பாதி கேள்வி. உயிருள்ளவர்களா? பெண்களா? அவனுக்குத் தெரியவில்லை. உங்கள் தொப்பியோ கடைசி வரிசைக்கும் சொல்லிவிடுகிறது. 1611-இல் லண்டன் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த ஜோதிடர் சைமன் ஃபோர்மன், தேவதைகளோ வனமோகினிகளோ போன்ற மூன்று பெண்கள் என்றுதான் குறித்து வைத்தார். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில், 1577 பதிப்புப் படத்திலும் மூவரும் நல்ல உடுப்பில் நிற்கிறார்கள்.

அன்றைய ஜனங்கள் பயந்த சூனியக்காரியும் தொப்பி போட்டு வந்தவள் இல்லை. ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸே நேரில் விசாரித்து, சூனியக்காரி என்று 1591-இல் அங்கே கொல்லப்பட்ட ஆக்னஸ் சாம்சன், ஊரில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி.

அடுத்த முறை மூவரையும் போர்க்களத்துப் பிணங்களுக்கு நடுவே சாதாரணத் துணியில் நிறுத்திப் பாருங்கள். துணி பொறுக்க வந்தவர்களா, மகனைத் தேடி வந்தவர்களா என்று நாங்களும் கொஞ்சம் குழம்பிக்கொள்கிறோம். மூக்குச் செலவில் மிச்சமாகும் காசுக்கு டங்கன் வேஷத்துக்கு நல்ல நடிகராகப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசை ரசிகன்